காலை ஜீப்பும் இன்சுலினும்: குப்பி ஊசியிலிருந்து பம்ப் வரை முழுமையான வழிகாட்டி

காலை ஐந்து மணிக்குத் தேனி மாவட்டத்துக் கம்பத்தில் கடைகள் திறந்திருக்காது. ஆனால் ஜீப்புகள் கிளம்பிவிடும். கூடலூர், புதுப்பட்டி, கம்பம் என்று ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள். அதில் போகிற பலர் என் மருந்துக்கடையில் இன்சுலின் வாங்குகிறவர்கள். பல வருடங்களாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களிடம் சொன்னதையும் அவர்களிடம் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

எத்தனை யூனிட் போடுவது, எந்த மருந்து போடுவது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எந்தக் கருவி, அதை எப்படிக் கையாள்வது, எங்கே வைப்பது, எதைக் கவனிப்பது என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன். நான் பார்த்தவரை, சரியான மருந்தைத் தவறாகப் போட்டுக்கொண்டு அவதிப்படுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் உங்கள் ஒரு நாளை எழுதுங்கள்

"இன்சுலின் போடச் சொல்லிட்டாங்க" என்று கலங்கிப்போய் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு காகிதம். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு ஜீப், காலைச் சாப்பாடு வீட்டிலா தோட்டத்திலா, மதியம் எப்போது, இரவு எப்போது என்று அதில் எழுதுங்கள். வீட்டில் பிரிட்ஜ் உண்டா, சிரிஞ்சில் இருக்கும் சின்னக் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா, மாதம் எவ்வளவு செலவு தாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இது எதற்கு என்று கேட்கலாம். கூடலூர் அக்கா ஒருவர் வருடக்கணக்கில் வண்டன்மேட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறவர். அவருக்குக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுகிற கலப்பு இன்சுலின் எழுதியிருந்தார்கள். அக்கா சொன்ன சொல் மாறாமல் காலை ஐந்துக்கு ஊசியைப் போட்டுவிட்டு, ஐந்தரைக்கு ஜீப் ஏறி, ஒன்பது மணிக்கு மேல் தோட்டத்தில் தூக்குவாளியைத் திறப்பார். "என்ன தம்பி, எட்டு மணி ஆனா கை நடுங்குது, ஏலச் செடி ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார். மருந்தும் சரி, அளவும் சரி. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருந்தது டாக்டருக்குத் தெரியாது, அக்காவுக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. காகிதத்தைப் பார்த்த பிறகு டாக்டர் மருந்தையே மாற்றினார். இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் ஒன்று, தோட்டத்தில் சாப்பிட உட்காரும்போது விரைவாக வேலை செய்யும் ஒன்று. நடுக்கம் நின்றுவிட்டது.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், நேரம் தெரிந்தால் போதும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலிசின் போன்றவை போட்ட 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் நிற்கும். தட்டு முன்னால் வந்த பிறகு போட வேண்டியவை இவை. ரெகுலர் என்கிற தெளிந்த இன்சுலினுக்கு அரை மணி நேரம் வேண்டும், அது ஆறிலிருந்து எட்டு மணி நேரம் இருக்கும். என்.பி.எச். என்கிற கலங்கலானது மெதுவாகத் தொடங்கி, நடுவில் உச்சத்துக்குப் போய், அரை நாளுக்கு மேல் நிற்கும். கடைகளில் அதிகம் விற்கிற 30/70 கலப்பு இந்த இரண்டையும் சேர்த்தது. கிளார்ஜின், டெக்ளூடெக் போன்றவை ஒரு நாள் முழுக்க, டெக்ளூடெக் அதற்கும் மேலாக, ஒரே சீராக வேலை செய்யும்.

பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கிறதா, பால் மாதிரி இருக்கிறதா என்பதும் முக்கியம். பால் மாதிரி இருப்பதைப் போடும் முன் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பத்து முறை உருட்டி, பிறகு பத்து முறை மேலும் கீழுமாகக் கவிழ்த்துத் திருப்புங்கள். எங்கும் ஒரே நிறமாக வந்துவிட்டால் சரி. கலக்காமல் போட்டால் ஒரு நாள் அடர்த்தியாகவும் ஒரு நாள் நீர்த்தும் இறங்கும். "ஒரே அளவுதான் போடுறேன், சுகர் மட்டும் ஏறி இறங்குது" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கலக்கலை விட்டவர்களாக இருக்கிறார்கள்.

குப்பியும் சிரிஞ்சும்: இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்

செலவு குறைவானது இதுதான். அரசு மருத்துவமனையில் கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். இதில் ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு.

நம் நாட்டில் 10 மில்லி குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டவை. அதாவது ஒரு குப்பியில் 400 யூனிட். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, மேலே 40 என்று எழுதியிருக்கும். எழுதும் பேனா வடிவில் இருக்கும் இன்சுலின் பேனாவுக்குள் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜும் (மருந்து அடைத்த சின்னக் குழல்) சில குப்பிகளும் ஒரு மில்லியில் 100 யூனிட் கொண்டவை. அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு, மேலே 100 என்று இருக்கும். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

மாறினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். அம்மா பேனாவில் 20 யூனிட் போடுகிறவர். நான் ஒரு கல்யாணத்துக்காக நெடுங்கண்டம் போயிருந்த அன்று பேனா சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசோடு, வீட்டில் கிடந்த சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, பேனா கார்ட்ரிட்ஜுக்குள் குத்தி, 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கோடு வரை அரை மில்லி. கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 என்பதால் உடம்புக்குள் போனது 50 யூனிட். நான் இரவு வந்து பார்த்தபோது அம்மாவின் சேலை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, கூப்பிட்டால் கண் திறந்தது, ஆள் யார் என்று தெரியவில்லை. மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இப்போது கடையில் யார் சிரிஞ்சு கேட்டாலும், குப்பியைக் காட்டாமல் நான் கொடுப்பதில்லை.

தலைகீழாக மாறினாலும் கேடுதான். 40 குப்பியில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். மயக்கம் வராது என்பதால் யாருக்கும் தெரியாது, சுகர் மட்டும் மாதக்கணக்கில் 300-க்குக் கீழே இறங்காது. இன்னொன்று: பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து எந்த சிரிஞ்சாலும் மருந்தை இழுக்காதீர்கள். பேனா கெட்டால் கடைக்கு வாருங்கள்.

எடுக்கும் முறை எளிது. கையைக் கழுவி, குப்பியின் ரப்பரைத் துடைத்துக் காயவிடுங்கள். எத்தனை யூனிட் மருந்து வேண்டுமோ அத்தனை யூனிட் காற்றை சிரிஞ்சில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்துங்கள். பிறகு குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணுக்கு நேராக வைத்து மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலே ஏற்றி வெளியே தள்ளுங்கள். காற்றுக் குமிழி உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து என்று பயப்படுகிறார்கள். ஆபத்து அதுவல்ல, குமிழி இருந்த இடத்துக்கு மருந்து குறையும், அவ்வளவுதான். இரண்டு வகையை ஒரே சிரிஞ்சில் எடுக்கச் சொல்லியிருந்தால் முதலில் தெளிந்தது, அப்புறம் கலங்கலானது. கிளார்ஜினை எதோடும் கலக்கக் கூடாது.

பேனா

1985-இல் முதல் இன்சுலின் பேனா வந்தது. அதற்கு முன் 63 வருடம் உலகமே குப்பியும் சிரிஞ்சுமாகத்தான் இருந்தது. கண் மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள், வேலை இடத்தில் ஊசி போட வேண்டியவர்கள் மூன்று பேருக்கும் முடிந்தால் பேனாதான் நல்லது என்பது என் எண்ணம். திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று சத்தம் வரும்.

போடும் வரிசை இது:

1. புது ஊசியைத் திருகி மாட்டி, இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள்.
2. பேனாவை 2 யூனிட்டில் வைத்து, ஊசி மேலே பார்க்கும்படி பிடித்து அழுத்துங்கள். நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் மறுபடி செய்யுங்கள்.
3. உங்கள் அளவுக்குத் திருகுங்கள்.
4. தோலில் நேராகக் குத்தி, பொத்தான் முழுதும் உள்ளே போகும்வரை அழுத்துங்கள்.
5. அழுத்தியபடியே ஒன்றிலிருந்து பத்து வரை நிதானமாக எண்ணிவிட்டு எடுங்கள்.
6. ஊசியைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவதையும் ஐந்தாவதையும்தான் எல்லோரும் விடுகிறார்கள். பத்து எண்ணாமல் எடுத்தால் தோல் மேல் ஒரு துளி மினுங்கும். அது உள்ளே போயிருக்க வேண்டிய மருந்து.

ஆறாவது நம் ஊர்க்காரர்களுக்கு மிக அவசியம். கம்பத்து வெயிலில் சூடாகி, ஒரு மணி நேரத்தில் மேட்டுக் குளிருக்குப் போகிற பேனாவில் மருந்து விரியும், சுருங்கும். ஊசி மாட்டியே இருந்தால் சூட்டில் மருந்து கசியும், குளிரில் காற்று உள்ளே புகும். பையை எடுத்துப் பார்த்தால் கார்ட்ரிட்ஜுக்குள் பட்டாணி அளவுக்குக் குமிழி இருக்கும். கழற்றி வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர் போதும், ஒல்லியானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் அதே. பெரிய ஊசி போட்டால்தான் மருந்து இறங்கும் என்பது சரியல்ல. இன்சுலின் போக வேண்டியது தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்புக்குள், தசைக்குள் அல்ல. சிரிஞ்சு ஊசி இதைவிட நீளம் என்பதால், அதைப் பயன்படுத்தும்போது தோலை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊசி ஒரு தடவைதான். பணம் மிச்சம் பிடிக்க ஒன்றையே ஒரு வாரம் வைத்துக்கொள்கிறார்கள், அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் அவ்வளவு மெல்லிய நுனி சில தடவைக்குப் பிறகு வளைந்து தோலைக் கிழிக்கும், வலி கூடும், கட்டி வரும். ஒருவருடைய பேனாவை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும் சரி, ஊசியை மாற்றினாலும் சரி. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கார்ட்ரிட்ஜுக்குள் திரும்பப் போகும்.

எங்கே குத்துவது

வயிறுதான் முதல் இடம், தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி. தொடையின் வெளிப்பக்கம், மேல் கையின் பின்பக்கம், பிட்டத்தின் மேல்பகுதி எல்லாம் சரி. நடந்து மலையேறப் போகிறவர் அதற்குச் சற்று முன் தொடையில் போட வேண்டாம். வேலை செய்யும் காலில் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் ஏறும்.

வயிற்றை நான்கு பாகமாக நினைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாகம் என்று மாற்றுங்கள். அதற்குள்ளும் முந்தின இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் வலிக்காமல் பழகிவிடும். பழகுவதற்குக் காரணம் அங்கே கொழுப்பு கட்டியாகிவிடுவதுதான். குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஊறின ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு திட்டு தட்டுப்பட்டால் அங்கே மருந்து ஒழுங்காக ஏறாது. அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு கூடுதலாக வேலை செய்து சுகர் இறங்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள், முதல் சில நாள் அடிக்கடி அளந்து பாருங்கள்.

எங்கே வைப்பது

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. அதாவது பிரிட்ஜின் நடுத்தட்டு. பிரீசருக்கு ஒட்டினாற்போல் வைக்கக் கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால் உருகின பிறகும் அது மருந்து அல்ல, தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்ததைச் சாதாரணமாக 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே நான்கு வாரம் வரை வைக்கலாம். சில மருந்துகளுக்கு நாளும் சூடும் மாறும், அட்டையைப் பாருங்கள். திறந்த தேதியைப் பேனா மேலேயே ஒரு பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுங்கள்.

பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு மண்பானை இருக்கிறது. ஒரு பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் மணல் நிரப்பி, மணலைத் தினம் இரண்டு வேளை நனையுங்கள். இன்சுலினை நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, மேலே ஈரத்துணி போடுங்கள். நீர் ஆவியாகிற வேகத்தில்தான் குளிர்ச்சி. அதனால் காய்ந்த காற்று அடிக்கும்போது பானை நன்றாக வேலை செய்யும். ஆடிக் காற்றில் கம்பத்துப் பானை சில்லென்று இருக்கும். அதே ஆடியில் குமுளியில் மழை நசநசவென்று பிடித்துக்கொண்டால் பானை அவ்வளவு குளிராது. நல்லவேளை, அங்கே அப்போது ஊரே குளிராக இருக்கும்.

ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே, பைக் டேங்க் கவரில், சமையலறை ஜன்னலில் வைக்காதீர்கள். தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போது சோற்றுத் தூக்குவாளி இருக்கும் பையிலும் வேண்டாம், சுடுசோற்றின் சூடு பேனாவுக்குப் போதும். ஈரத்துணி சுற்றிய தனிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைக்காதீர்கள்.

தெளிந்தது கலங்கினாலும், கலங்கலானதில் துகள் துகளாக நின்றாலும், கண்ணாடியில் பனி பூத்த மாதிரி ஒட்டினாலும் அது கெட்டது. சூட்டில் வீரியம் போனது பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. சாப்பாடும் ஊசியும் மாறாமல் சுகர் மட்டும் ஏறினால் புதுக் குப்பியைத் திறந்து பாருங்கள்.

விரல் நுனியில் அளப்பது

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகரைக் காட்டும் குளுகோமீட்டர் இல்லாமல் இன்சுலின் போடுவது, விளக்கு இல்லாமல் இரவில் மேட்டிலிருந்து இறங்குவது மாதிரி. இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோருக்கும் பெருமை. ஆனால் திராட்சை பறித்த கையோடு, பழம் உரித்த விரலோடு அளந்தால் விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் சேர்த்து மீட்டர் காட்டும். 120 இருக்க வேண்டியவருக்கு 300 வரும். அதை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் முழுதாகப் போகாது. சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும்.

விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடுங்கள், மழைக்காற்றின் ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். இரண்டு தடவை அடுத்தடுத்து அளந்தால் ஐந்து, பத்து வித்தியாசம் வருவது இயல்பு. மீட்டர்களுக்கான உலகத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை வேறுபாட்டை அனுமதிக்கிறது.

எப்போது அளப்பது? தினமும் காலை வெறும் வயிற்றில் மட்டும் அளந்தால் அந்த நேரத்துக் கதை மட்டும்தான் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு முன், இரண்டு மணி நேரம் பின், படுக்கும் முன் என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். பலருக்கு 7 சதவீதத்தை ஒட்டி வைக்கச் சொல்வார்கள், வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவார்கள்.

சென்சார்

மேல் கையில் நாணயம் போல ஒட்டிக்கொள்ளும் சென்சாரைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குக் கீழே முடி போன்ற ஒரு இழை இருக்கும். அது ரத்தத்தை அளக்கவில்லை, செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரில் சர்க்கரையை அளக்கிறது. அதனால் ரத்தத்தில் நடப்பது அதற்குச் சில நிமிடம் கழித்துத்தான் தெரியும். சுகர் வேகமாக இறங்கும்போது சென்சார் 85 என்று காட்டும், விரலில் 65 இருக்கும். உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறு சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள்.

இதில் எண்ணைவிட அம்புக்குறிதான் பெரிய உதவி. 110 என்ற எண்ணும் கீழ்நோக்கிய அம்பும் சேர்ந்தால், மலையேறும் முன் ஏதாவது சாப்பிடு என்று பொருள். 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளின் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல கட்டுப்பாடு. 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

தோட்டத்தில் டவர் கிடைக்காதே என்று கேட்கிறார்கள். சென்சாரும் போனும் பேசிக்கொள்வதற்கு டவர் வேண்டாம், எச்சரிக்கை வசதி உள்ள வகையில் மணி அடிக்கும். வீட்டில் இருக்கும் மகளின் போனுக்கு அதை அனுப்பத்தான் டவர் வேண்டும். சென்சார் இருக்கும் கை மேல் ஒருக்களித்துப் படுத்தால் இரவில் பொய்யாகச் சுகர் இறங்கிவிட்டதாகக் காட்டும். செடிக்கு நடுவில் புகுந்து வேலை செய்கிறவர்கள் கையின் பின்பக்கம் உள்வாங்கி ஒட்டி, மேலே ஒரு துணிப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் வரும் ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாதா மாதம் எல்லோராலும் முடியாது. என் யோசனை: டாக்டர் மருந்தை மாற்றும்போது ஒன்று போட்டு, அந்தப் பதினான்கு நாளும் சாப்பிட்டது, வேலை செய்தது, ஊசி போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த ஒரு சென்சார் அடுத்த ஆறு மாதத்துக்கு வழிகாட்டும். உடம்பே இன்சுலின் சுரக்காத முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் தொடர்ந்து இருப்பது நல்லது.

பம்ப்

பம்ப் என்பது பெட்டிக்குள் இருக்கும் இன்சுலினை மெல்லிய குழாய் வழியாக நாள் முழுக்கத் துளித்துளியாக விடும் கருவி. சாப்பிடும்போது பொத்தானை அழுத்திக் கூடுதலாக விட வேண்டும். உள்ளே இருப்பது விரைவு வகை மட்டுமே. குழாயும் தோலில் இருக்கும் முனையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற வேண்டும். சென்சாரோடு சேர்ந்து தானே அளவைக் கூட்டிக் குறைக்கும் முதல் பம்ப்புக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. இப்போது அந்த வகை நம் நாட்டிலும் உண்டு. ஆனால் அதுவும் முழுத் தானியங்கி அல்ல. எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடப் போகிறீர்கள் என்று இன்னும் நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இட்லியையும் கப்பையையும் (மரவள்ளிக் கிழங்கு) கண்ணால் எடைபோடப் பழக வேண்டும்.

பம்ப்பை நம்புகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: குழாய் அடைத்துக்கொண்டாலோ கழன்றாலோ உடம்பில் சேமிப்பு இன்சுலின் இருக்காது. சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஆபத்தாகும். அதனால் பம்ப் போட்டவர் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்க வேண்டும்.

விலை லட்சக்கணக்கில் என்பதோடு மாதச் செலவும் தனி. கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன் முதல் வகை சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்காக 'மிட்டாயி' என்ற திட்டத்தை நடத்துகிறது. இன்சுலின் பேனா, சென்சார், தேவைப்படுகிறவர்களுக்குப் பம்ப் என்று அதில் உதவி உண்டு. இடுக்கியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இது தெரியாது. அரசு மருத்துவமனையில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. இன்சுலினுக்கு அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்து வாங்கலாம்.

சுகர் இறங்கிவிட்டால்

மேலே சொன்ன எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம். இவை வந்தால் அளந்து பாருங்கள், மீட்டர் இல்லாவிட்டால் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி அதே. ஏறின பிறகு கொஞ்சம் சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கும். திராட்சைக் காலத்தில் பதினைந்து பழம் போதும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மலையின் இரண்டு பக்கமும் அதே எண்தான். சுகரை வேகமாக ஏற்றும் குளுகாகான் ஊசி வீட்டில் இருந்தால் அதைப் போடத் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளில் "சாப்பிடலையே, ஊசி எதுக்கு" என்று முதல் வகை நோயாளிகள் நிறுத்தவே கூடாது. அளவு மாறலாம், டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள்.

பயன்படுத்திய ஊசிகள், அப்புறம் ஒரு அட்டை

ஊசிகளைக் காய்கறிக் குப்பையோடு போட்டால் நகராட்சித் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, முக்கால் பாகம் நிறைந்ததும் இறுக்கி மூடி, மருத்துவமனையில் கொடுங்கள்.

ஜீப்பில் போகிற ஒவ்வொருவருக்கும் நான் கடையில் எழுதிக் கொடுக்கும் அட்டை ஒன்று உண்டு. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மயங்கி விழுந்தால் தூக்குகிறவர் ஜீப் டிரைவராகவும் இருக்கலாம், தோட்டத்துச் சூப்பர்வைசராகவும் இருக்கலாம், கட்டப்பனை மருத்துவமனை நர்ஸாகவும் இருக்கலாம். அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். நான் குழறிப் பேசினால் பையின் முன்ஜிப்பில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது, கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் கொடுக்காமல் 108. மருந்தின் பெயர், ஒரு வேளை எத்தனை யூனிட், குப்பி 40-ஆ 100-ஆ, வீட்டுப் போன் எண். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, சர்க்கரைப் பொட்டலத்தோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.